உண்ட மயக்கமா, இரத்த அழுத்தக் குறைவா?



"உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். வயிறு நிறைந்ததும் கண் செருகுவது மனிதருக்கு இயல்பு என்பதை ஒத்துக்கொண்ட அனுபவ வார்த்தை அது. காலையிலிருந்து பாடுபட்டு, மதியம் சோறும் குழம்புமாய்ச் சாப்பிட்ட எவருக்கும் சற்றே தலை சாய்க்கத் தோன்றும். அதில் பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால், உங்கள் வீட்டில் எழுபது வயதைக் கடந்த தகப்பனாரோ, தாயாரோ, மாமியாரோ இருக்கிறார்களா? சாப்பிட்டு எழுந்த அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தலை சுற்றுகிறதா? கண் இருட்டுகிறதா? கால் தள்ளாடுகிறதா? அப்படியானால் அதையும் இந்தப் பழமொழியின் கணக்கிலேயே எழுதிவிடாதீர்கள். "வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி நகர்ந்துவிடவும் வேண்டாம். உணவு உண்ட பின்பு இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடுவது முதியோரிடம் பரவலாகக் காணப்படும் ஒரு பெலவீனம். வீட்டிலுள்ள ஒரு சிறு கருவியைக் கொண்டே அதைக் கண்டுபிடிக்கலாம். தட்டில் செய்யும் சில மாற்றங்களால் அதைப் பெரும்பாலும் கட்டுக்குள் வைக்கலாம். கவனியாமல் விட்டாலோ, ஒரே ஒரு விழுதலில் இடுப்பெலும்பு முறிந்து ஒருவர் படுக்கையோடு படுக்கையாகிவிடக்கூடும்.

வயிற்றுக்குப் போகும் இரத்தம்

நம் சரீரத்தில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம் இருக்கிறது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது இருதயம் ஒரு நிமிடத்தில் வெளியே தள்ளும் இரத்தத்தின் அளவும் ஏறத்தாழ ஐந்து லிட்டரே. இதில் சுமார் நான்கில் ஒரு பங்கு இரைப்பை, குடல், கல்லீரல், மண்ணீரல், கணையம் ஆகிய வயிற்று உறுப்புகளுக்குப் போகிறது. பெருந்தமனியிலிருந்து பிரியும் மூன்று இரத்தக் குழாய்கள் இந்தப் பங்கைக் கொண்டுபோகின்றன. குடலிலிருந்து திரும்பும் இரத்தம் நேரே இருதயத்துக்கு வருவதில்லை. உணவின் சத்துக்களைச் சுமந்துகொண்டு முதலில் கல்லீரலுக்குச் சென்று, அதன் பின்பே இருதயத்தை அடைகிறது.

நாம் சாப்பிட்டவுடன் குடலின் வேலை பெருகுகிறது. சிறுகுடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் முக்கியக் குழாய் விரிந்துகொடுக்கிறது. அதன் வழியே பாயும் இரத்தம் இரண்டு மடங்காகவும், சில வேளைகளில் அதற்கு மேலும் கூடுகிறது. அந்த நேரத்தில் வயிற்றுப் பகுதியின் இரத்தக் குழாய்களில் இரத்தம் அதிகமாய்த் தேங்கி நிற்கிறது. ஆகவே இருதயத்துக்குத் திரும்பி வரும் அளவு சற்றுக் குறைகிறது.

நகரத்து அடுக்குமாடியில் குடியிருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. காலையில் மாநகராட்சித் தண்ணீர் வரும் ஒரு மணி நேரத்தில், கீழ்வீட்டார் எல்லாரும் ஒருசேரக் குழாயைத் திறந்தால் மூன்றாம் மாடியில் என்ன ஆகிறது? குழாய் நூல் போல ஒழுகுகிறது. நம் சரீரத்தில் மேல்மாடியில் குடியிருப்பது மூளை. வயிறு தன் குழாய்களையெல்லாம் திறந்துகொண்ட அந்த நேரத்தில் மூளைக்குப் போகும் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாடு நமக்குள் இருக்கிறது. கழுத்தின் இருபுறமும் உள்ள இரத்தக் குழாய்களிலும், பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அழுத்தம் ஒரு சிறிதளவு இறங்கினாலும் அவை மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. உடனே இருதயம் கொஞ்சம் வேகமாகவும் வலிமையாகவும் துடிக்கிறது. கை கால் தசைகளுக்கும் தோலுக்கும் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. இப்படி ஒரு பக்கம் கூடியதை மறுபக்கம் ஈடுகட்டிவிடுவதால், இளவயதினர் வயிறு முட்டச் சாப்பிட்டாலும் அவர்களுடைய இரத்த அழுத்தம் பெரிதாய் மாறுவதில்லை.

வயது செய்யும் மாற்றம்

வயது ஏற ஏற இந்த ஏற்பாடு மந்தமாகிறது. இரத்தக் குழாய்களின் சுவர் விறைத்துப்போவதால், அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் முன்போல் கூர்மையாய் உணர்வதில்லை. உணர்ந்தாலும் இருதயம் அதற்கேற்றபடி வேகம் எடுப்பதில்லை. சுருங்க வேண்டிய குழாய்கள் போதுமான அளவு சுருங்குவதில்லை. வயிற்றுக்குப் பாயும் இரத்தம் மட்டும் வழக்கம்போலப் பெருகுகிறது. விளைவாக, சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இரத்த அழுத்தம் இறங்குகிறது. பெரும்பாலோருக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அது மிகவும் தாழ்ந்த நிலைக்கு வருகிறது.

இரத்த அழுத்தத்தை 140/80 என்று இரண்டு எண்களாக எழுதுகிறோம் அல்லவா? அதில் மேலே உள்ளது சிஸ்டாலிக் அளவு. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் இந்த மேல் அளவு 20 அல்லது அதற்கு அதிகமாய் இறங்கினால், மருத்துவர்கள் அதை உணவுக்குப் பின் வரும் தாழ் இரத்த அழுத்தம் என்கிறார்கள். உணவுக்கு முன்பு 100-க்கு மேல் இருந்து, பின்பு 90-க்குக் கீழே போனாலும் அதே பெயர்தான்.

படுக்கையிலிருந்து எழுந்தவுடன் சிலருக்குத் தலை சுற்றும். அது எழுந்து நிற்பதால் உண்டாகும் அழுத்தக் குறைவு. நாம் இங்கே பேசுவது அதுவல்ல. இது உட்கார்ந்திருக்கும்போதே வரக்கூடியது. ஆனால் இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கவும் கூடும். சாப்பிட்டு முடித்துச் சட்டென்று எழும்போது இரண்டும் சேர்ந்துகொண்டால் ஆபத்து இரட்டிப்பாகிறது.

மருத்துவ உலகம் இதைக் கண்ட விதம்

இது மிகச் சமீபத்தில் கவனத்துக்கு வந்த காரியம். 1977-ஆம் ஆண்டில், பார்க்கின்சன் நோயுள்ள ஒருவருக்குச் சாப்பிட்ட பின்பெல்லாம் கடும் தலைச்சுற்றல் வந்ததைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு குறிப்பு வெளியாயிற்று. 1983-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த மருத்துவர் லிப்சிட்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் முதியோர் இல்லவாசிகளை ஆராய்ந்து, உணவுக்குப் பின் அவர்களுடைய இரத்த அழுத்தம் வெகுவாய் இறங்குவதையும், இளவயதினருக்கு அப்படி இறங்காததையும் வெளியிட்டார்கள். 1990-களில் அமெரிக்காவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் 499 பேரை இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து கவனித்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. உணவுக்குப் பின் அழுத்தம் எவ்வளவு அதிகமாய் இறங்கிற்றோ, அவ்வளவு அதிகமாய் விழுதலும், மயக்கமும், பக்கவாதமும், மாரடைப்பும், மரணமும் நேர்ந்ததாக அது காட்டிற்று.

விழுதலை அற்பமாய் எண்ணாதிருங்கள். உலகமெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுவதனால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. இப்படி இறப்பவர்களில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களே அதிகம்.

யாருக்கு வரக்கூடும்?

எழுபது வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் வரலாம். விசேஷமாய்ச் சிலர் அதிக எச்சரிக்கையாயிருக்க வேண்டும்.

முதலாவது, நீண்டகாலச் சர்க்கரை வியாதி உள்ளவர்கள். சர்க்கரை பாதங்களின் நரம்பைக் கெடுப்பதுபோலவே, இருதயத்தையும் இரத்தக் குழாய்களையும் ஆளுகிற நரம்புகளையும் கெடுக்கிறது. நம் தேசத்தில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த ஆய்வு 2023-இல் தெரிவித்தது. ஆகவே இது எங்கோ தூரத்திலுள்ளவர்களின் பிரச்சினை அல்ல.

இரண்டாவது, பார்க்கின்சன் என்னும் நடுக்கு வியாதி உள்ளவர்கள்.

மூன்றாவது, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள். இதைக் கேட்டு நீங்கள் ஆச்சரியப்படலாம். "அப்பாவுக்கு பி.பி. அதிகம் அல்லவா, அவருக்கு எப்படித் தாழும்?" என்று கேட்பீர்கள். உயர் அழுத்தத்தினால் குழாய்கள் விறைத்துப்போனவர்களுக்கே உணவுக்குப் பின் அழுத்தம் அதிகமாய் இறங்குகிறது. மருத்துவரைக் காலையில் பார்க்கும்போது 160 இருக்கும். மாத்திரையின் அளவு கூட்டப்படும். அதே ஆளுக்கு வீட்டில் இட்லி சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் 115 ஆகியிருக்கும். அதை அளந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள்.

நான்காவது, பல மாத்திரைகளை ஒரே நேரத்தில் விழுங்குகிறவர்கள். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இதில் அடங்குவர்.

சர்க்கரை குறைந்துவிட்டதென்று தவறாய் எண்ணுதல்

நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். அம்மா சாப்பிட்டு எழுந்தார்கள், தலை சுற்றுகிறது என்றார்கள், வியர்க்கிறது. வீட்டார் என்ன செய்வார்கள்? "சுகர் இறங்கிவிட்டது" என்று சொல்லி, சூடான காப்பியில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுப்பார்கள், அல்லது குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பார்கள்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு மெய்யாகவே சர்க்கரை இறங்கியிருந்தால் அது சரியான உதவி. ஆனால் இறங்கியது இரத்த அழுத்தமாயிருந்தால், அந்தக் குளுக்கோஸ் நிலைமையை இன்னும் மோசமாக்கும். ஏனென்றால் எல்லா ஆகாரத்திலும் குளுக்கோஸ்தான் இரத்த அழுத்தத்தை மிக அதிகமாய் இறக்குகிறது. அதுவும் சூடாகக் கொடுத்தால், குளிர்ந்ததைக் காட்டிலும் அதிகமாய் இறங்குகிறதென்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆகவே யூகம் வேண்டாம். வீட்டில் இரண்டு கருவிகள் இருக்கட்டும். ஒன்று சர்க்கரை பார்க்கும் கருவி, மற்றொன்று இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. தலைச்சுற்றல் வந்தவரை முதலில் படுக்கவைத்துவிட்டு, இரண்டையும் பாருங்கள். சர்க்கரை பார்க்க வழியில்லாமல், அவர் சர்க்கரைக்கு மருந்து எடுப்பவராகவும் இருந்தால், சர்க்கரை இறங்கியதாகவே கருதி இனிப்புக் கொடுப்பதே பாதுகாப்பு. ஏனெனில் அந்த ஆபத்து சீக்கிரமாய் முற்றிவிடும்.

அளந்து பாருங்கள்

இந்தப் பெலவீனம் உள்ள பலருக்கு எந்த அடையாளமும் தெரிவதில்லை. சிலர் வெறும் அசதி என்பார்கள். ஆகவே அளந்து பார்ப்பது ஒன்றே வழி. மேற்கையில் பட்டை சுற்றி அளக்கும் சாதாரண எலக்ட்ரானிக் கருவி போதும்.

உணவுக்கு முன்பு ஐந்து நிமிடம் அமைதியாய் உட்காரச் சொல்லுங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதங்கள் தரையில் படட்டும், கை இருதயத்தின் மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். முதல் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பின்பு வழக்கமான உணவையே கொடுங்கள். சாப்பிடத் தொடங்கியதிலிருந்து 30, 60, 90, 120 ஆகிய நிமிடங்களில் மறுபடி மறுபடி அளவு எடுங்கள். கூடுமானால் கால் மணிக்கு ஒருமுறை எடுப்பது இன்னும் நல்லது. எல்லா அளவுகளையும் உட்கார்ந்த நிலையிலேயே எடுக்க வேண்டும்.

ஒரு நாள் போதாது. மூன்று நாள் செய்யுங்கள். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் பாருங்கள். பலருக்குக் காலையிலும் மதியத்திலும் அதிகமாய் இறங்கி, இரவில் குறைவாகவே இறங்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரம், சாப்பிட்டது என்ன, விழுங்கிய மாத்திரை எது, அளவு எவ்வளவு என்று நான்கு பத்தியாய் எழுதிவையுங்கள். மருத்துவரிடம் போகும்போது இந்த ஒரு பக்கம் உங்களுக்காகப் பேசும். வேண்டுமானால் அவர் 24 மணி நேரம் உடம்போடு கட்டியிருக்கும் கருவியைப் பரிந்துரைப்பார்.

தட்டில் செய்யும் மாற்றம்

ஆகாரம் இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்கு எவ்வளவு வேகமாய்ப் போகிறதோ, அவ்வளவு வேகமாய் இரத்த அழுத்தம் இறங்குகிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகர ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகளாய் ஆராய்ந்து வருகிறார்கள். ஆகவே நாம் செய்ய வேண்டியது, குடலுக்குள் மாவுச்சத்து பாய்ந்து சேராமல் மெதுவாய்ப் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்வதே.

கொஞ்சம் கொஞ்சமாய்: மூன்று பெரிய வேளைகளை ஐந்து, ஆறு சிறிய வேளைகளாய்ப் பிரித்துக் கொடுங்கள். மொத்த அளவைக் குறைக்க வேண்டியதில்லை. பிரித்துக் கொடுத்தாலே போதும். முதியோர் ஏற்கெனவே குறைவாய்ச் சாப்பிடுகிறவர்கள். பட்டினி போடுவது இதற்கு வைத்தியமாகாது.

சோற்றைக் குறைத்து, பருப்பைக் கூட்டி: நம் தட்டில் சோறு மலைபோலவும், மற்றவை ஓரத்திலும் இருக்கின்றன. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, நாம் பெறும் கலோரியில் தானியங்களின் பங்கு 45 விழுக்காட்டுக்கு மேல் போகலாகாது. ஆனால் நம் தேசத்தாரின் உணவில் அது 50 முதல் 70 விழுக்காடு வரை இருக்கிறது. ஆகவே சோற்றை ஒரு கரண்டி குறைத்து, பயறு, சுண்டல், முட்டை, மீன், கீரை, காய்கறி ஆகியவற்றைக் கூட்டுங்கள். வெறும் கஞ்சி, பாயசம், கேசரி, பழச்சாறு ஆகியவை சீக்கிரம் குடலில் இறங்குகிறவை. பழச்சாற்றுக்குப் பதில் பழத்தையே கொடுங்கள்.

முதலில் தண்ணீர்: சாப்பிடச் சற்று முன்பு 300 முதல் 500 மில்லி தண்ணீர் குடிப்பது பலருக்கு உதவுகிறது. இரைப்பை விரியும்போது உண்டாகும் நரம்புத் தூண்டுதல் இரத்த அழுத்தத்தைச் சற்று உயர்த்திப் பிடிக்கிறது. ஆனால் இருதயம் பெலவீனப்பட்டவர்களும், சிறுநீரக வியாதியுள்ளவர்களும், தண்ணீர் அளவு குறிக்கப்பட்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யலாகாது.

ஆறவிட்டு: ஆவி பறக்கச் சாப்பிட வேண்டாம். மிதமான சூட்டில், மெதுவாய் மென்று சாப்பிடட்டும்.

நார்ச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் ஒருவகைப் பசையை உணவோடு சேர்த்துக் கொடுத்தபோது, இரைப்பை மெதுவாய்க் காலியாகி, இரத்த அழுத்தம் இறங்குவதும் குறைந்ததாக ஆய்வுகளில் கண்டார்கள். கொத்தவரங்காய்ப் பொரியல் அந்தப் பசைக்கு ஈடாகாது. ஆனால் நார்ச்சத்துள்ள காய்கறி முதியோரின் தட்டில் ஏன் இருக்க வேண்டுமென்பதை இது விளக்குகிறது.

சாப்பிட்ட பின்பு அந்த ஒரு மணி நேரம்

ஊரில் பெரியவர்கள் சாப்பிட்டபின் திண்ணையில் சாய்ந்துகொள்வார்கள். அது ஒரு நல்ல வழக்கம். நகரத்தில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பாட்டியம்மா பன்னிரண்டரைக்குத் தனியே சாப்பிட்டுவிட்டு, ஒன்றரை மணிக்குப் பள்ளி வண்டியிலிருந்து இறங்கும் பேரப்பிள்ளையை அழைத்துவர மூன்று மாடி இறங்குகிறார்கள். வெயிலில் நிற்கிறார்கள். பிள்ளையின் பையையும் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறுகிறார்கள். கடிகாரத்தைப் பாருங்கள்: அவர்களுடைய இரத்த அழுத்தம் மிகவும் தாழ்ந்திருக்கக்கூடிய வேளை அதுவே.

இதற்குத் தீர்வு கடினமானதல்ல. பதினொன்றரைக்குச் சிறிதளவு ஆகாரம், பிள்ளை வந்தபின் மீதி ஆகாரம் என்று நேரத்தை மாற்றலாம். கீழ்வீட்டாரோ சபையின் சகோதரி ஒருவரோ பிள்ளையை மேலே கொண்டுவந்து விடும்படி ஏற்பாடு செய்யலாம்.

காலை வேளையும் அப்படியே. மாத்திரை, சூடான காப்பி, பலகாரம், உடனே வெந்நீர்க் குளியல் என்று எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் நெருக்கப்படுகின்றன. வெந்நீர் தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, அழுத்தத்தை மேலும் இறக்கும். ஆகவே குளியலைப் பலகாரத்துக்கு முன்பு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கழிப்பறையிலும் குளியலறையிலும் சுவரில் ஒரு கைப்பிடி பொருத்துங்கள். குந்தியிருந்து எழும்பும்போது அது பெரிய துணையாயிருக்கும்.

சாப்பிட்டபின் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்தோ, தலையைச் சற்று உயர்த்திப் படுத்தோ இருக்கட்டும். எழும்புமுன் கால்களை ஆட்டி, கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பின்பு எழும்பட்டும். உணவுக்குப் பின் மெதுவாய் நடப்பது சிலருக்கு அழுத்தம் இறங்காமல் காக்கிறது. ஆனால் நடையை நிறுத்தியதும் அது மறுபடி இறங்கக்கூடும். ஆகவே தனியே அனுப்பாமல், வீட்டுக்குள்ளேயே, ஒருவர் துணையோடு நடப்பது நலம்.

மாத்திரைகளைப் பற்றி

"சாப்பாட்டுக்குப் பின் பி.பி. இறங்குகிறதே" என்று எண்ணி, இரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்படிச் செய்தால் மற்ற நேரங்களில் அழுத்தம் ஏறிப் பக்கவாதத்துக்கு வழியாகலாம். உணவுக்குச் சற்று முன்பு மாத்திரை விழுங்கினால், மாத்திரையின் வேகமும் உணவின் விளைவும் ஒன்றாய்ச் சேர்ந்துகொள்ளும். இரண்டு வேளைகளுக்கு நடுவே மாத்திரையை மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். சிறுநீர் மாத்திரையின் அளவையும் அவர் திருத்தியமைக்கக் கூடும். மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்தும் அகார்போஸ் என்னும் சர்க்கரை வியாதி மருந்தும் சிலருக்கு இதற்காகத் தரப்படுகிறது. எவருக்கு ஏற்றது என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். உப்பை நீங்களாகக் கூட்டிக்கொள்வதும் தகாது.

ஞாயிற்றுக்கிழமையும் உபவாச நாளும்

நம் சபைகளில் கவனிக்க வேண்டிய இரண்டு வேளைகள் உண்டு. ஒன்று, ஞாயிறு ஆராதனைக்குப் பின் வரும் ஐக்கிய விருந்து. காலையில் அரைகுறையாய்ச் சாப்பிட்டு வந்த முதியோர், நெடுநேரம் இருந்து, மதியம் பிரியாணியும் இனிப்புமாய் வயிறு நிறையச் சாப்பிட்டு, உடனே வெயிலில் பேருந்துக்கோ மின்சார ரயிலுக்கோ நடக்கிறார்கள். அவர்களை வரிசையில் நிற்கவைக்காமல் இருந்த இடத்திலேயே பரிமாறுங்கள். கொஞ்சமாய் வைத்து, மீதியைப் பொட்டலமாய்க் கொடுத்தனுப்புங்கள். ஒரு மணி நேரம் உட்காரவைத்து, பின்பு வாலிபர் ஒருவர் படிக்கட்டு வரையிலாவது கைபிடித்து அழைத்துப்போகட்டும்.

மற்றொன்று உபவாச ஜெப நாள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுக்கும் முதியோர் மருத்துவரைக் கலந்துகொண்டே உபவாசிக்க வேண்டும். முடிக்கும்போது தண்ணீரும் சிறிதளவு ஆகாரமும் முதலில். பெரிய சாப்பாடு சற்றுப் பொறுத்து. நாள் முழுதும் வெறுமையாயிருந்த வயிற்றில் இனிப்புப் பானத்தையும் சோற்றையும் ஒருசேர நிரப்புவது இந்தப் பெலவீனம் உள்ளவர்களுக்கு ஆகாது.

சாப்பிட்டால் வயிறு வலிக்கிறதென்றால்

முதியோரின் வயிற்று இரத்த ஓட்டத்தில் வேறொரு கோளாறும் உண்டு. இருதயத்தின் குழாயில் கொழுப்புப் படிந்து அடைப்பதுபோல, குடலுக்குப் போகும் குழாய்களிலும் அடைப்பு வரலாம். அப்போது உணவுக்குப் பின் பெருக வேண்டிய இரத்தம் பெருக முடியாமல், சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் நடுவயிற்றில் வலி உண்டாகும். வலிக்குப் பயந்து அவர்கள் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வார்கள். சில மாதங்களில் எடை வெகுவாய்க் குறையும். வாயுக் கோளாறு என்று சொல்லிக் கஷாயம் கொடுத்துக்கொண்டே இருக்காமல், மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். திடீரென்று தாங்கமுடியாத வயிற்றுவலி வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

மயங்கி விழுந்தால்

மல்லாந்து படுக்கவைத்து, கால்களைத் தலையணையின் மேல் உயர்த்திவையுங்கள். நினைவு முழுதாய்த் திரும்பும்வரை தண்ணீரோ, காப்பியோ, எதையும் வாயில் ஊற்றாதீர்கள். வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் சோர்தல், பேச்சுக் குழறுதல், மார்வலி, நினைவு திரும்பாமை, தலையில் அடி ஆகிய இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 112-ஐ அழையுங்கள். பல மாநிலங்களில் 108-உம் ஆம்புலன்சுக்கு உண்டு. இந்த எண்களையும், உங்கள் வீட்டு முகவரியை அந்த நகரத்து மொழியிலும் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு அருகே ஒட்டிவையுங்கள். ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்கு அந்த மொழி பேச வராதிருக்கலாம். அந்தக் காகிதத்தைப் பக்கத்து வீட்டாரிடம் நீட்ட அவர்களால் முடியும்.

பிரியமானவர்களே, இந்த வாரத்தில் ஒரு மதியம், வீட்டிலுள்ள பெரியவருக்குப் பரிமாறுமுன் ஒரு முறையும், சாப்பிடத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆனபின் ஒரு முறையும் இரத்த அழுத்தத்தைப் பாருங்கள். இரண்டு எண்களுக்கும் பெரிய வித்தியாசமில்லையென்றாலும் அதோடு விட்டுவிடாமல், மேலே சொன்னபடி மூன்று நாள் முழுதாய்ப் பார்த்து முடியுங்கள். 20-க்கு மேல் இறங்கியிருந்தால், இத்தனை நாளும் "உண்ட மயக்கம்" என்று நாம் சொல்லிவந்ததற்கு வேறு பெயர் உண்டென்று அறிந்துகொள்வீர்கள். அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். அதுவரைக்கும் அவர்கள் சாப்பிட்டு எழும்பும்போது பக்கத்தில் ஒரு கை இருக்கட்டும்.